தேன்பயில் பொதும்பு: ஒரு சாசனத் தொடரும் ஊர்நில வரலாறும்

சோழர் காலத்து நிலக்கொடைச் செப்பேடுகளைப் பயின்றார் எவரும், கொடைப் பொருளாகிய ஊரின் நான்கெல்லையும் கூறி முடிந்தபின் வரும் நீண்ட அடுக்குத் தொடரை நன்கறிவர். நீர்நிலம், புன்செய், ஊர், ஊரிருக்கை, மனை, மனைப்படப்பை, மன்று, கன்றுமேய்பாழ், குளம், கேணி, காடு, களர், உவர், ஓடை, உடைப்பு, புற்று, தெற்றி என அத்தொடர் ஓதிச் செல்லும். உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் எதுவாயினும் விலக்கின்றி அடங்கும் என்று அது முடியும். இவ்வடுக்கினிடையே ‘மீன்பயில் பள்ளம்’, ‘தேன்பயில் பொதும்பு’ என இரண்டு உறுப்புகள் இணையாக நிற்கின்றன. சாசனங்களை ஆராய்ந்தோர் அரசர் மெய்க்கீர்த்தியிலும் ஆண்டுக் கணக்கிலும் வரிப்பெயர்களிலும் செலுத்திய கருத்தில் ஒரு சிறு கூற்றையும் இவ்விரண்டிற்கும் அளித்திலர். இவை வாய்பாடாக வருவன. வாய்பாட்டில் வரலாறு இல்லையென்று கடந்து செல்லுதல் எளிது. ஆயினும், வாய்பாடும் ஒருகாலத்தில் ஒருவரால் எண்ணிச் சொல்லப்பட்டதேயாகும். ஆதலின், பின்னிரண்டு சொற்களாகிய தேன்பயில் பொதும்பு என்பது யாது, அஃது ஊர்நிலக் கணக்கில் இடம் பெற்றது எவ்வாறு, பின்னர் அக்கணக்கினின்றும் நீங்கியது எவ்வாறு என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்பொருளைக் காண்போம். ‘தேன்பயில் பொதும்பு’ என்பதற்குத் தேன் மிகுந்த மரப்பொந்து என்று பொருள்கொள்ளுதல் இயல்பாகத் தோன்றும். ஆனால் அதனோடு இணைந்து நிற்கும் மீன்பயில் பள்ளத்தை உடன்வைத்து நோக்குமிடத்து அப்பொருள் முழுதும் அமைவதாக இல்லை. பயிலுதலாவது ஓரிடத்துப் பலகாலும் வழங்கித் தங்குதல். பள்ளத்தில் பயில்வது மீனாகிய உயிர். அதற்கு நேராகப் பொதும்பில் பயில்வதும் உயிராதலே தொடரின் அமைப்புக்குப் பொருந்தும். தேன் என்னும் சொல் பிழிந்தெடுக்கும் சாற்றை மட்டுமன்றி அதனைத் தொகுக்கும் வண்டினத்தையும் குறித்து வழங்கியமை பழைய நூல்களிலும் நிகண்டுகளிலும் அறியக்கிடக்கின்றது. இன்றும் நாட்டுப்புறத்தார், ‘அம்மரத்தில் தேன் கட்டியிருக்கிறது’ என்று கூறுவரேயன்றித் தேனீக்கள் கூடு கட்டியிருக்கின்றன என்று கூறுவது அரிது. அவ்வழக்கில் தேன் என்பது ஈயையும் அடையையும் சாற்றையும் ஒருங்கே குறிக்கின்றது. ஆகவே, சாசனம் கூறும் தேன் பெரும்பாலும் தேனீயே எனக் கொள்ளுதல் தகும்.

இனிப் பொதும்பு என்பது இருபொருட்டு: மரப்பொந்து ஒன்று, சோலை மற்றொன்று. பொதும்பர் என்னும் வடிவம் மரம் செறிந்த இளஞ்சோலைக்கு இலக்கியத்தில் பயின்றுவரும். நற்றிணைப் புலவருள் ஒருவர் பொதும்பில் கிழார் எனப் பெயர் பெற்றார். மதுரையை அடுத்துப் பொதும்பு என்னும் ஊர் இன்றும் உளது. சாசனத்தில் எப்பொருள் கொள்வது என்னும் வினாவிற்கு ஒருதலையாக விடை கூறுதல் இயலாது. கூறவேண்டுவதும் இல்லை என்பதே எம் கருத்து. ஏனெனில், நம் நாட்டுத் தேனீ ஒருவகைத்தன்று. அடுக்கடுக்காக அடை கட்டும் பொந்துத்தேனீ இருள் சூழ்ந்த மரப்பொந்தையும் பாறை இடுக்கையும் நாடுவது. உருவிற் சிறிய கொம்புத்தேனீ புதரினுள் ஒரு சிறுகொம்பைச் சுற்றி ஒற்றை அடை கட்டுவது. மலைத்தேனீ உயர்ந்த மரத்தின் கிளையிலும் செங்குத்தான பாறையிலும் பேரடை தொங்கவிட்டுப் பருவந்தோறும் இடம் பெயர்வது. கொடுக்கற்ற கொசுத்தேனீயோ சுவர் வெடிப்பிலும் மரத்துளையிலும் வாழ்வது. பொந்தென்று கொள்ளினும் சோலையென்று கொள்ளினும் தேனீ தங்கும் இடத்தையே சொல் தழுவி நிற்கின்றது. உயிர், அதன் தங்குதல், தங்கும் இடம் என மூன்றையும் இருசொல்லில் அடக்கிய இத்தொடருக்கு நேரான ஒன்றைப் பிற்கால நிலப்பதிவேடுகளில் காண்கிலேம்.

இலக்கியம் தேனைக் கூறும் முறை இதனின் வேறு. கருப்பொருட் பகுப்பில் தேன் குறிஞ்சிக்கு உரியது. பறம்பு மலையை முற்றிய வேந்தரை நோக்கிக் கபிலர் பாடிய புறப்பாட்டில் (109), உழவர் உழாமலே அம்மலை தரும் பயன்கள் நான்கனுள் மூங்கில்நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் போலத் தேனும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. மலைபடுகடாத்தில் தேன் எடுப்போர் நெடுவரையில் சார்த்திய மால்பு, அஃதாவது கணுக்களையே படியாகக் கொண்ட மூங்கிலேணி, பேசப்படுகின்றது. மலையுச்சியிலுள்ள பெருந்தேனைக் கண்டு கீழிருந்தே கைகுவித்து நக்கி மகிழும் முடவனைப் பரணர் குறுந்தொகையில் (60) காட்டுகின்றார். பிற்காலத்து அகப்பொருள் இலக்கணம் வகுத்தோர் குறிஞ்சி மாக்களின் தொழில்களைத் தொகுத்தபொழுது இதற்கு இட்ட பெயர் ‘தேன் அழித்தல்’ என்பது. இச்சொல்லாட்சி நம் கருத்தை ஈர்க்கின்றது. அடையைப் பிழிந்து கொள்வதை அழித்தல் என்று ஒளிவின்றிக் கூறினர் அவர். தொழிலின் நோக்கில் தேன் அழிக்கப்படுவது; ஊர்நிலத்தின் நோக்கில் தேன் பயில்வது. ஒரே பொருளைக் குறித்து இலக்கணம் ஒரு வினையையும் சாசனம் மற்றொரு வினையையும் மேற்கொண்டன.

மற்றொரு வேறுபாடும் உண்டு. சோழர் செப்பேடுகள் வழங்கும் ஊர்கள் பெரும்பாலும் மலைநாட்டன அல்ல. காவிரி பாயும் மருதநிலத்தன. வண்டும் தும்பியும் எல்லாத் திணையிலும் ஒலிப்பன எனினும், தேன் கொள்ளும் இடத்தை மலைக்கே உரித்தாக்கியது புலனெறி வழக்கு. ஆனால் நெல்விளையும் நாட்டிலே, வாய்க்காலுக்கும் களருக்கும் இடையே, தேன்பயில் பொதும்பு ஒன்று இருத்தல் கூடும் என்பதை ஊரை அளந்தார் அறிந்திருந்தனர். திணைப்பாகுபாட்டை மட்டும் கொண்டு பண்டைத் தமிழர் நிலவியலை எழுதப் புகுவோர் இச்சிறு சான்றையும் உளங்கொள்ளல் வேண்டும். வாய்பாடு ஓரூரினின்றும் மற்றோரூர்க்கு எழுத்தாற் சென்றிருக்கலாமே, ஒவ்வோரூரிலும் பொதும்பு இருந்ததென்பது எவ்வாறு போதரும் என வினவலாம். அவ்வினா முறையானதே. ஓர் ஊரில் அஃது இருந்தது என்று நாம் கூறவில்லை. ஊர் என்றால் அதன்கண் அஃது இருக்கக்கூடும் என்னும் எண்ணம் ஆவணம் எழுதியோர்க்கு இருந்தது என்றே கூறுகின்றோம்.

அவ்வூர்களின் எல்லை வகுத்த முறையும் நோக்கத்தக்கது. ஊரார் உடன்வரப் பெண்யானையை நடத்தி, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நாட்டினர் எனச் செப்பேடுகள் கூறும். கல் அசையாப் பொருள். கள்ளியோ வளர்வது, பூப்பது, நெருங்கிப் புதராவது. எல்லை வரையும் உயிருடையதாய் இருந்தது என்பதை இதனால் அறிகின்றோம். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் விட்ட ஊர்களின் அளவு கூறுமிடத்து ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு முதலியவை இறையிலியாகக் கழிக்கப்படுகின்றன. கழிக்கப்படினும் அவை பெயர் சுட்டியே கழிக்கப்பட்டன என்பது கருதற்பாலது. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய சாசனங்கள் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் குறிக்கின்றன. கழனியல்லாத நிலத்துக்கும் பொறுப்பாளர் இருந்தனர்.

இவற்றைக் கொண்டு, நம் முன்னோர் தேனீயைப் பாதுகாக்கச் சட்டம் செய்தனர் என்று முழங்குவது முறையன்று. அண்மைக்காலத்து எழுத்துகள் சிலவற்றில் இவ்வகை முழக்கம் மலிந்துள்ளது. அகநானூற்று நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார், பூத்த பொழிலில் துணையொடு தங்கிய வண்டினம் அஞ்சுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிவரும் தலைவனைக் காட்டுகின்றார். அஃது அவன் நெஞ்சின் ஈரத்தைத் தலைவிக்கு உணர்த்தத் தோழி கூறுவது. காதற் சூழலில் பொருள் பெறுவது. அதனை உயிரினப் பாதுகாப்பு ஆணையாகப் படித்தல் பாட்டுக்கும் இழுக்கு, வரலாற்றுக்கும் இழுக்கு. தேன்பயில் பொதும்பும் அத்தகையதே. அத்தொடர் கொடை பெற்றார்க்கு ஊரிலுள்ள எல்லாவற்றின்மேலும் உரிமை அளிக்கும் தொடர். பொதும்பிலுள்ள தேனை எடுப்பதும் அவ்வுரிமையுள் அடங்கும். அதற்கு முன்பு அவ்விடத்தே தேன் எடுத்து வந்தார் யார், கொடைக்குப்பின் அவர் நிலை யாதாயிற்று என்பதைச் செப்பேடு பேசாது. கோயில் நந்தவனத்தையும் தேனீயின் புகலிடமாகவே எண்ணிவிடல் ஆகாது. வண்டு தொடுமுன் மலர் பறித்தற்காக மரமேறப் புலிக்காலும் இருளிற் காணும் கண்ணும் வேண்டிப் பெற்ற வியாக்கிரபாதர் கதை தில்லையில் வழங்குவது. வழிபாட்டுக்கு மலர் கொய்வோரும் வண்டும் ஒரு பூவுக்குப் போட்டியிட்டனர் என்பதே அக்கதையால் பெறப்படும்.

எனவே நாம் கொள்ளத்தக்கது இவ்வளவே: தேனீ தங்கும் இடம் ஊரின் உறுப்புகளுள் ஒன்றாகப் பெயர் பெற்றிருந்தது. பெயர் பெற்ற இடத்தை எவரேனும் அழித்தால், இன்னது அழிந்தது என்று சொல்ல ஒரு சொல் இருக்கும். பெயரற்ற இடம் அழிந்தால் எதுவும் அழிந்ததாகத் தோன்றாது.

அவ்விடம் பெயரிழந்த வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலவரித் திட்டத்தோடு பிணைந்தது. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. கேப்டன் ரீடும் அவர்க்கு உதவியாளராகச் சென்ற தாமஸ் மன்றோவும் இன்றைய சேலம், தருமபுரி, கிருட்டினகிரிப் பகுதிகளில் வயல்வயலாக அளந்து உழவன் ஒவ்வொருவனோடும் நேரே வரி உடன்பாடு செய்யும் முறையைத் தொடங்கினர். மன்றோ ஆளுநரான 1820ஆம் ஆண்டினின்றும் இரயத்துவாரி முறை சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பொதுவிதியாயிற்று. இதற்கு இணையாக ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறிப்பிடாமல் இருத்தல் இயலவில்லை. 1793இல் ஜெர்மனி நாட்டு ஸ்பிரெங்கல் என்பார், பூவின் நிறமும் மணமும் வரிகளும் பூச்சியை அழைத்து மகரந்தம் சேர்ப்பித்துக்கொள்ளும் பொருட்டு அமைந்தன என்று நூல் எழுதி வெளியிட்டார். அவர்க்கு முன் 1761இல் கோல்ராய்ட்டர் என்பாரும் பூச்சிகள் மகரந்தம் சுமத்தலை எழுதியிருந்தார். காய் உண்டாதற்குப் பூச்சியின் வரவு வேண்டும் என்பதை அறிவியல் கண்டுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பாரமகாலின் அளவைக்காரர் பூச்சி தங்கும் நிலத்தை வரியற்றது என்று ஒதுக்கிக்கொண்டிருந்தனர். ஒருவர் செய்கை மற்றவர்க்குத் தெரியாது. ஸ்பிரெங்கலின் நூலை அவர் காலத்தவரே பெரிதாக மதிக்கவில்லை.

புதிய கணக்கில் நிலம் நஞ்சை, புஞ்சை, தோட்டம் என விளைவால் வகுக்கப்பட்டது. விளைவு இல்லாதது தரிசு. வரிக்கணக்குக்குப் புறம்பானது புறம்போக்கு. சோழர் ஆவணத்தில் கன்றுமேய்பாழ், களர், உவர், ஓடை, உடைப்பு, புற்று, பொதும்பு எனத் தனித்தனிப் பெயரோடு நின்றவை பல இவ்விரு சொற்களுள் ஒடுங்கின. மேய்ச்சல், வண்டிப்பாதை, வாய்க்கால், நத்தம், மயானம் எனப் புறம்போக்குக்குள்ளும் வகைகள் உண்டு என்பது மெய்யே. ஆனால் அவ்வகைகள் யாவும் மாந்தர் பயன்பாட்டால் அமைந்தவை. பிறிதோர் உயிர் தங்குதலால் அமைந்த வகை ஒன்றேனும் இல்லை. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை முதலியவற்றின் பலனை நுகர உழவர்க்கு அளிக்கும் ‘2சி’ பட்டா என்னும் மரப்பட்டா வழக்கிலும் மரம் அதன் பலனாலேயே மதிக்கப்படுவது. காய்ப்பு நின்று உட்புறம் பொந்தான முதுமரம் அக்கணக்கில் விறகு. பொந்துத்தேனீக்கு வேண்டுவதோ அம்முதுமரமே.

வரிமுறை தேனீயைக் காணாமற் போனதற்குத் தக்க காரணம் ஒன்றும் உண்டு. நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் மணி பிடிப்பது. அதற்குத் தேனீ வேண்டுவதில்லை. நஞ்சையின் விளைவைக் கொண்டு நிலத்தை மதிப்பவர்க்குத் தேனீயால் ஆவதொன்றும் தோன்றாமை வியப்பன்று. தேனீயின் தொழில் நடப்பது கொல்லையிலும் வரப்பிலும் புஞ்சையிலும். பூசணியும் பாகலும் ஆண்பூ வேறு பெண்பூ வேறாகப் பூப்பன. இடையே ஒருயிர் சென்று வாராவிடின் பிஞ்சு வெம்பி உதிரும். எள்ளும் கொத்தமல்லியும் முருங்கையும் பூச்சி வரவால் விளைவு பெருகுவன. கத்தரியின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை உடையது. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும் வண்டினாலேயே அதன் மகரந்தம் நன்கு உதிரும். அவ்வேலையை நாட்டுத்தேனீ செய்வதில்லை. உலர்ந்த மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும் மண்சுவரிலும் வரப்பிலும் தனித்தனியே துளையிட்டு வாழும் சிறு தேனீக்களும் செய்வன. அடை கட்டாத இவ்வினங்களிடம் தேன் கொள்ள இயலாமையின் இவற்றுக்குப் பெயரிடுவாரும் அரியர். உலகின் தலையாய உணவுப்பயிர்கள் 115ஐ ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுள் 87 பயிர்கள் சிறிதாயினும் பெரிதாயினும் உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்தவை என்று கணித்தது. அப்பயிர்களுள் வரிக்கணக்கில் பெரும்பேர் பெறாதவை பல. பெண்டிர் கொல்லையில் இட்டு வளர்ப்பவை பல.

நிலக்கணக்கு இடத்தை மறந்ததெனின், காட்டுச் சட்டம் தேனை மட்டும் நினைவிற் கொண்டது. 1927ஆம் ஆண்டு இந்தியக் காட்டுச் சட்டம் காட்டில் கிடைக்கும் தேனையும் மெழுகையும் தோல், தந்தம், கொம்பு, எலும்பு ஆகியவற்றோடு காட்டு விளைபொருளாக எண்ணிற்று. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினர்க்குச் சிறுவிளைபொருள்மேல் உரிமை வழங்கியது; அது பெருநன்மை. அச்சட்டம் தேனையும் மெழுகையும் அரக்கையும் தாவர வழிப்பட்ட பொருள்களோடு சேர்த்து எண்ணுகின்றது. உயிர்நூலார் இதனைப் பிழையென்பர். எமக்கோ அது பாதி மெய்யாகத் தோன்றுகின்றது. எனினும், ஈயை நீக்கித் தேனை எண்ணும் பழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. நீலகிரியில் மலைத்தேன் எடுக்கும் குறும்பர் முதலியோரிடம் இந்நிலை இல்லை. பாறைமேல் தொங்குவான் கயிற்றை அவன் மைத்துனன் பிடித்தல் வழக்கம் என்று அவரிடைப் பழகியோர் எழுதியுள்ளனர். எப்பாறையில் எவ்வாண்டு தேன் கட்டும், எக்குடி அங்கே செல்லும் என்னும் கணக்கு அவர்தம் நினைவில் உளது. தேன் அழித்தலைத் தொழிலாகக் கொண்டாரே தேன் பயிலும் இடத்தையும் பெயரிட்டுக் காத்து வருகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் தேனீ பெட்டிக்குள் புகுந்தது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியைச் சார்ந்த நியூட்டன் அடிகளார் 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் நாட்டுத்தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை அமைத்துப் பலரைப் பயிற்றுவித்தார். அது நியூட்டன் பெட்டி என இன்றும் வழங்குகின்றது. 1920களில், அன்று திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நிறுவிய ஊரக நடுவத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பார் தேனீ வளர்ப்பைக் கைத்தொழிலாகப் பரப்பினார். அடையை அழிக்காமல் சட்டத்தை எடுத்துச் சுழற்றித் தேன் கொள்ளும் முறை, தேன் அழித்தல் என்னும் பழஞ்சொல்லைப் பொருளற்றதாக்கியது. ஏழை உழவர் பலர் அதனால் வாழ்வு பெற்றனர். இவ்வரலாற்றில் அப்பெரியோர் தொண்டைக் குறைத்து மதிப்பிட இடமில்லை.

ஆயினும் பெட்டி ஒன்றை மறைத்தது. பெட்டியில் இடுதற்குரிய முதற்கூட்டம் பொந்தினின்றே பிடிக்கப்பட்டது. பொந்து இருந்தமையால் பெட்டி நிரம்பிற்று. பெட்டி நிரம்பியமையால் பொந்து வேண்டாததாயிற்று. குமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டம் பெருகியபோது, தளிர்விடும் பருவத்தில் இலைக்காம்பில் சுரக்கும் இனிய நீர் தேனீக்கு மிகுந்த உணவாயிற்று. பூவின்றியே தேன் பெருகிய புதுமை அது. ஆனால் அவ்வூற்று சில திங்களே நிலவும். புழுவை வளர்க்க மகரந்தம் வேண்டும். அதற்கு வேலியும் கொல்லையும் பலவகை மரமும் வேண்டும். 1991, 1992ஆம் ஆண்டுகளில், தாய்லாந்துப் பெயரால் வழங்கும் நச்சுயிரி நோய் ஒன்று தென்னாட்டில் பரவிற்று. அடையினுள் புழுக்கள் நீர்கட்டிய பைபோலாகி மடிந்தன. குமரியிலும் கேரளத்திலும் பெட்டித் தேனீக்களில் பெரும்பகுதி அழிந்தது. பின்னர் இத்தாலியத் தேனீ வருவிக்கப்பட்டது ஒருபுறமிருக்க, நாட்டுத்தேனீ மீண்டும் தழைத்தது நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டங்களின் வழியேதான். அத்தகைய கூட்டம் எங்கே பிழைத்திருக்கும் என்று தேடுவார்க்குப் பொதும்பின் பயன் விளங்கும்.

சில ஆண்டுகட்கு முன் காவிரிப் படுகையிலுள்ள ஓரூருக்குக் கல்வெட்டுப் படியெடுக்கும் பொருட்டு மாணவர் சிலரோடு சென்றிருந்தோம். கோயிற் பணி முடிந்தபின் ஊர்ப் பெரியவர் ஒருவரை அணுகி, இவ்வூரில் தேன் எங்கே கட்டும் என்று வினவினோம். அவர் தயங்காது நான்கிடம் கூறினார்: குளக்கரை இலுப்பை, ஐயனார் கோயில் ஆல், பழைய களஞ்சியச் சுவர், சுடுகாட்டுப் புளி. கூறியபின், இலுப்பையும் புளியும் இப்போது இல்லை ஐயா என்றார். களஞ்சியச் சுவரைச் சிமிட்டி பூசி அடைத்துவிட்டனராம். ஆல் மட்டும் நின்றது. தெய்வத்துக்கு அஞ்சி அதனை எவரும் வெட்டார். உடன்வந்த மாணவர் ஊரின் நிலவரைபடத்தை விரித்து அந்நான்கு இடங்களையும் தேடினர். குளம், நத்தம், மயானம் என மூன்று புறம்போக்கும், கோயிலுக்குரிய ஓரிடமும் வரைபடத்தில் இருந்தன. பொதும்பு ஒன்றும் இல்லை.

ஐயனார் முதலிய சிறுதெய்வங்களின் காடுகள் எஞ்சியுள்ளமையை இப்போது அரசும் கருதத் தொடங்கியுள்ளது. 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத்தலமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி வீரகோவில் காடு இரண்டாவதாயிற்று. பின்னது ஐந்து எக்டேருக்கும் சற்றுக் குறைந்த சிறுகாடு. அளவிற் சிறிதென்று இகழற்க. இரைதேடும் பொந்துத்தேனீ பெரும்பாலும் தன் கூட்டுக்கு ஓரிரு கிலோமீட்டர் எல்லைக்குள்ளேயே பறப்பது. மண்ணில் துளையிடும் சிறுதேனீயோ அதனினும் குறைந்த தொலைவே செல்வது. ஆதலின், மாவட்டத்துக்கு ஒரு பெருங்காட்டினும் ஊர்தோறும் ஒரு சிறு பொதும்பே கொல்லைப் பயிர்க்கு உதவும்.

இதற்கு இடந்தரும் ஆவணம் ஒன்று இன்று நம்மிடையே உண்டு. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்தல் வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை ஊரார் துணையோடு எழுதுதல் அக்குழுவின் தலையாய கடன் என 2004ஆம் ஆண்டு விதிகள் கூறின. இப்பதிவேடுகளில் செடிகொடிகளும் விலங்குகளும் பெயர்வாரியாக எழுதப்படுதல் இயல்பு. உயிரின் பெயரோடு அது பயிலும் இடத்தின் பெயரையும், அளவை எண்ணையும், மரமாயின் இன்ன மரம், சுவராயின் இன்ன சுவர் என்பதையும் சேர்த்து எழுதினாலன்றி அப்பதிவேடு இடத்தைக் காக்க உதவாது. சீமைக்கருவேலம் படர்ந்த தரிசிலும் தேனீ மொய்க்கின்றது. நாம் வேண்டாவெனக் களையும் புதரிலும் அதற்கு உணவுண்டு. இத்தகைய நுட்பங்களை ஊரார் வாய்மொழியே தரவல்லது. வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கச் செல்லும் தமிழ் மாணவர், தேன் கட்டும் இடங்களின் பெயர்களையும் உடன்தொகுத்து அவ்வூர்க் குழுவினரிடம் ஒரு படி கொடுத்துவருதல் கூடும். யாம் சென்ற ஊரில் அந்நான்கு இடங்களையும் மாணவர் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் சேர்ப்பித்தனர். மூன்று இடங்களின் எதிரே ‘முன்பு இருந்தது’ என்றும், ஆலின் எதிரே ‘தேன்பயில் பொதும்பு’ என்றும் குறித்திருந்தனர்.